ரகசியச் செய்தியை உடைத்தது யார்? செண்பகராமன் பிள்ளையின் வாழ்க்கையும் நம் வாட்ஸ்அப்பும்

புதுசா ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் மெசேஜ் அனுப்பப் போனால், மேலே ஒரு சின்னக் கட்டம் வரும். இந்த உரையாடல் முழுக்கக் குறியாக்கம் செய்யப்பட்டது, நீங்கள் இரண்டு பேர் தவிர யாராலும் படிக்க முடியாது என்று அது சொல்லும். குழித்துறையில் இருந்து வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர் இருக்கிற வீட்டில், சம்பளக் கணக்கு முதல் கல்யாணப் பேச்சு வரைக்கும் அந்தக் கட்டத்துக்குக் கீழேதான் நடக்குது. அந்த வாக்குறுதியை எவ்வளவு தூரம் நம்பலாம்?

டெக் நிபுணர்களிடம் இதற்கு நிறைய பதில் இருக்கு. ஆனால் இதே கேள்வியை உயிரைப் பணயம் வைத்துக் கேட்ட ஒரு கூட்டம் 110 வருஷத்துக்கு முன்னாடியே இருந்தது. அதில் முக்கியமான ஒருவர் நம்ம நாஞ்சில் நாட்டு வேர் கொண்டவர். பெயர் செண்பகராமன் பிள்ளை. எம்டன் செண்பகராமன் என்றால் பலருக்கும் சட்டென்று தெரியும். அவருடைய வாழ்க்கையைப் பார்த்தால், ரகசியச் செய்தி எங்கே உடையும், எங்கே உடையாது என்பது தெளிவாகப் புரியும்.

யார் இந்தச் செண்பகராமன்?

1891 செப்டம்பர் 15இல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். அப்பா சின்னசுவாமிப் பிள்ளை, அம்மா நாகம்மாள். இருவருக்கும் பூர்வீகம் நாஞ்சில் நாடு. அப்போது நாகர்கோவில், குழித்துறை, திருவனந்தபுரம் எல்லாமே ஒரே திருவிதாங்கூர் சமஸ்தானம். இன்றைக்கும் நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் போகிற பஸ் குழித்துறையில் தாமிரபரணியைக் கடந்துதான் போகுது. இடையில் மாநில எல்லை வந்தது 1956 நவம்பர் 1இல்தான்.

செண்பகராமன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, வால்டர் ஸ்டிரிக்லாண்ட் என்கிற பிரிட்டிஷ் உயிரியல் ஆய்வாளர் திருவனந்தபுரம் பக்கம் வந்தார். பிரிட்டிஷ்காரர்தான், ஆனால் பிரிட்டிஷ் அரசை அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காது. அவருடைய உதவியோடு 1908இல் செண்பகராமன் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறினார். அப்போது அவருக்கு வயசு சுமார் 17தான். ஆஸ்திரியாவில் பள்ளிப் படிப்பு. அடுத்து சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் பொறியியல் படிப்பு.

1914இல் முதல் உலகப் போர் வெடித்தது. பிரிட்டனின் எதிரி ஜெர்மனி. அந்த நேரத்தில் ஐரோப்பாவில் இருந்த இந்திய மாணவர்கள் பலருக்கும் ஒரே யோசனை: ஜெர்மனியின் உதவியோடு இந்தியாவை விடுவிக்க முடியுமா? செண்பகராமன் சூரிச்சில் இந்திய ஆதரவுக் குழு ஒன்றைத் தொடங்கித் தலைவரானார். புரோ இந்தியா என்ற பத்திரிகையையும் நடத்தினார். அதே ஆண்டு பெர்லின் போய், வீரேந்திரநாத் சட்டோபாத்யாயா உள்ளிட்டவர்கள் இருந்த பெர்லின் கமிட்டியில் சேர்ந்தார். இந்த வீரேந்திரநாத், கவிஞர் சரோஜினி நாயுடுவின் தம்பி.

எம்டன் கப்பலில் அவர் இருந்தாரா?

தமிழ்நாட்டில் இந்தக் கதையைக் கேட்காதவர் குறைவு. 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னை துறைமுகத்தின் மீது குண்டு போட்டது. சுமார் 130 குண்டுகள். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டாங்குகள் கொளுந்துவிட்டு எரிந்தன. ஊரே காலி செய்துகொண்டு ஓடியது. கெட்டிக்காரனை, யாருக்கும் அடங்காதவனை எம்டன் என்று சொல்லும் வழக்கம் அப்போது வந்ததுதான். அந்தக் கப்பலில் செண்பகராமன் இருந்தார் என்று பல புத்தகங்கள் சொல்கின்றன.

தேதிகளை வைத்துப் பார்த்தால் இது பொருந்தலை. எம்டன் 1914 ஜூலை கடைசியில் சீனாவின் சிங்தாவ் துறைமுகத்தில் இருந்து கிளம்பியது. அந்த மாதங்களில் செண்பகராமன் சூரிச்சில் குழு நடத்திக்கொண்டிருந்தார். ஆக, கப்பலில் அவர் இருந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அதனால் அவர் செய்த வேலையின் மதிப்பு குறையப் போவதில்லை.

ஆனால் எம்டனின் முடிவில் நமக்கு ஒரு முக்கியமான பாடம் இருக்கு. 1914 நவம்பர் 9 அன்று, இந்தியப் பெருங்கடலில் இருக்கும் கோகோஸ் தீவுகளின் தந்தி நிலையத்தை அழிக்க எம்டன் போனது. தன் நிலக்கரிக் கப்பலை வயர்லெஸ்ஸில் குறியீட்டில் கூப்பிட்டது. தீவில் இருந்தவர்களுக்கு அந்தக் குறியீடு புரியலை. ஆனால் தெரியாத கப்பல் ஒன்று ரொம்பப் பக்கத்தில் இருக்கு என்பது மட்டும் புரிந்துவிட்டது. கப்பல் கண்ணில் பட்டதும் உதவி கேட்டுச் செய்தி அனுப்பினார்கள். சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தில் இருந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி வந்து சேர்ந்தது. எம்டனின் கதை அன்றோடு முடிந்தது.

செய்தியின் உள்ளே என்ன இருக்கு என்று யாரும் படிக்கவே இல்லை. செய்தி போனது என்ற தகவலே போதுமானதாக இருந்தது. இதைத்தான் இன்று மெட்டாடேட்டா என்கிறோம். யார், யாருக்கு, எப்போது, எத்தனை முறை அனுப்பினார் என்கிற விவரம். வாட்ஸ்அப்பில் உங்கள் வார்த்தைகள் பூட்டப்படுது. ஆனால் இந்த விவரங்களுக்கு அதே பூட்டு கிடையாது. இரவு 1 மணிக்கு ஒரு வக்கீலிடமோ, மனநல மருத்துவரிடமோ, ஒரு நிருபரிடமோ 40 நிமிஷம் பேசினீர்கள் என்ற தகவலே பல நேரம் முழுக் கதையையும் சொல்லிவிடும்.

பெர்லினின் பெரிய பிரச்சினை: வழி யாருடையது?

பெர்லின் கமிட்டியின் திட்டம் பெரியது. அமெரிக்காவில் இருந்த கதர் கட்சி, வங்காளத்துப் புரட்சியாளர்கள், காபூல், பாங்காக், பத்தேவியா என்று உலகம் முழுக்க ஆட்களை இணைக்கணும். ஆயுதம் அனுப்பணும். எல்லாத்துக்கும் செய்தி போய் வந்தாகணும்.

ஆனால் செய்தி போகிற வழி அவர்கள் கையில் இல்லை. போர் தொடங்கிய மறுநாள், 1914 ஆகஸ்ட் 5 அதிகாலையிலேயே, ஜெர்மனியின் கடலடித் தந்தி கேபிள்களைப் பிரிட்டிஷ் கப்பல் ஒன்று வெட்டிவிட்டது. அதன் பிறகு ஜெர்மனி வயர்லெஸ்ஸில் அனுப்பணும், அல்லது அடுத்தவர் கேபிளைக் கடன் வாங்கணும். இரண்டையும் பிரிட்டன் ஒட்டுக்கேட்டது. லண்டனில் கடற்படை அலுவலகத்தில் அறை எண் 40 என்ற பெயரில் ஒரு குழு, ஜெர்மன் குறியீடுகளை உடைப்பதையே வேலையாக வைத்திருந்தது.

இதன் உச்சம் 1917 ஜனவரியில் நடந்தது. ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் ஆர்தர் சிம்மர்மன், அமெரிக்காவுக்கு எதிராக மெக்சிகோவைத் தூண்டும் ரகசியத் தந்தி ஒன்றை அனுப்பினார். அது போன வழி எது தெரியுமா? ஜெர்மனிக்கு அமெரிக்காவே சலுகையாகக் கொடுத்திருந்த தூதரகக் கேபிள். அந்தக் கேபிள் பிரிட்டன் வழியாகப் போனது. அறை எண் 40 அதைப் படித்தது. ஏப்ரலில் அமெரிக்கா போரில் இறங்கியது. அமெரிக்க மண்ணில் இருந்த இந்தியப் புரட்சியாளர்களுக்கு அதோடு பாதுகாப்பு போனது.

இன்றைய நிலைமை இதில் கொஞ்சம் நல்லதுதான். வாட்ஸ்அப் 2016 ஏப்ரலில் சிக்னல் புரோட்டோகால் என்கிற முறையை எல்லோருக்கும் கொண்டுவந்தது. இதில் பூட்டும் சாவியும் உங்கள் போனிலேயே உருவாகும். வழியில் இருக்கும் கேபிளும், டவரும், கம்பெனியின் சர்வரும் பூட்டிய பெட்டியைத்தான் பார்க்கும். ஆக, பெர்லினுக்கு இருந்த வழிப் பிரச்சினையை இன்றைய கணிதம் பெருமளவுக்குத் தீர்த்துவிட்டது.

அப்படின்னா எல்லாம் ஓகேவா? இல்லை. செண்பகராமனின் கூட்டாளிகள் மாட்டியது வழியில் மட்டும் இல்லை.

ஒரே மாதத்தில் பிறந்த எதிரி

அமெரிக்காவில் பெர்லின் கமிட்டியின் பிரதிநிதியாக இருந்தவர் ஹேரம்பலால் குப்தா. அவர் எழுதிய கடிதங்களில் வெறும் எண்கள் வரும். ஒரு புத்தகத்தின் பக்கம், வரி, அந்த வரியில் எத்தனையாவது எழுத்து என்று எண்களாகக் குறிப்பார்கள். கடிதம் பெறுகிறவரிடம் அதே புத்தகம் இருந்தால்தான் படிக்க முடியும். எந்தப் புத்தகம் என்பதுதான் சாவி.

இந்தக் கடிதங்கள் சிகாகோவுக்குப் பக்கத்தில் இருந்த ரிவர்பேங்க் என்ற தனியார் ஆய்வுக்கூடத்துக்கு வந்தன. அங்கே வேலை பார்த்தவர் வில்லியம் ஃபிரைட்மன். பிறந்தது 1891 செப்டம்பர் 24. செண்பகராமனைவிட 9 நாள் இளையவர். பின்னாளில் அமெரிக்காவின் மிகப் பெரிய குறியீட்டு நிபுணர் என்று பெயர் எடுத்தவர்.

ஃபிரைட்மனிடம் அந்தப் புத்தகம் இல்லை. ஆனால் எழுதியவர்கள் மனிதர்கள்தானே? ஒவ்வொரு எழுத்துக்கும் புதிய பக்கத்தைப் புரட்டச் சோம்பல் வரும். அதே எண்கள் திரும்பத் திரும்ப வரும். அந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டு, புத்தகம் இல்லாமலே கடிதத்தைப் படித்தார். பிறகு புத்தகத்தையும் கண்டுபிடித்தார். பிரைஸ் கோலியர் என்பவர் ஜெர்மனியைப் பற்றி எழுதி 1913இல் வெளியான புத்தகம் அது.

1917 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் வழக்கு தொடங்கியது. ஃபிரைட்மன் சாட்சிக் கூண்டில் ஏறி, எண்களை எப்படிப் படித்தார் என்று விளக்கினார். 1918 ஏப்ரலில் வழக்கின் கடைசி நாளில், கதர் கட்சித் தலைவர் ராம் சந்திராவை இன்னொரு குற்றவாளியான ராம் சிங் நீதிமன்றத்துக்குள்ளேயே சுட்டுக் கொன்றார். ராம் சிங்கை அங்கிருந்த காவல் அதிகாரி அந்த இடத்திலேயே சுட்டார். 29 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. ஒருவரையொருவர் சந்தேகிக்கும் நிலைக்கு இயக்கம் அதற்கு முன்பே வந்திருந்தது.

இன்று நம் போனில் இருக்கும் குறியாக்கத்தை அந்த மாதிரி பேனா, காகிதம் வைத்து உடைக்க முடியாது. ஆனால் மனிதப் பழக்கம் மாறலை. நாலு இலக்க பாஸ்வேர்டு, பிறந்த தேதியில் பின் நம்பர், வந்த ஓடிபியை யாரோ கேட்டதும் சொல்வது, ஆபீஸ் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப்பை லாக் அவுட் செய்யாமல் போவது. இதெல்லாம் அதே பக்கத்தையே புரட்டிய கதைதான்.

பட்டுத் துணியில் எழுதியும் தப்பலையே, ஏன்?

1915 டிசம்பர் 1 அன்று காபூலில் ஒரு நாடு கடந்த இந்திய அரசு அமைக்கப்பட்டது. தலைவர் ராஜா மகேந்திர பிரதாப், பிரதமர் மௌலானா பரக்கத்துல்லா. செண்பகராமன் அதன் வெளியுறவு அமைச்சர் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன.

1916இல் காபூலில் இருந்து உபைதுல்லா சிந்தி சில கடிதங்களை அனுப்பினார். பேப்பரில் எழுதினால் சோதனையில் சரசரவென்று சத்தம் கேட்கும். அதனால் மஞ்சள் பட்டுத் துணியில் எழுதி, தூதரின் உடைக்குள் வைத்துத் தைத்தார்கள். தூதர் எல்லையை வெற்றிகரமாகத் தாண்டிவிட்டார். யாரும் கண்டுபிடிக்கலை.

ஆனால் வந்தவர், தான் முன்பு வேலை பார்த்த பெரிய மனிதரின் வீட்டுக்குப் போனார். அந்தப் பெரிய மனிதர் பிரிட்டிஷ் அரசின் விசுவாசி. விஷயம் தெரிந்ததும் கடிதங்களை வாங்கி அதிகாரிகளிடம் கொடுத்துவிட்டார். அதில் திட்டம் மட்டும் இல்லை, ஆட்களின் பெயர்ப் பட்டியலும் இருந்தது. கைதுகள் தொடர்ந்தன.

பத்தேவியா பக்கமும் இதே கதை. ஜெர்மனியின் ஆளாகப் போன வின்சென்ட் கிராஃப்ட் என்பவர், சிங்கப்பூரில் பிரிட்டிஷாரிடம் தகவல்களைக் கொடுத்து இரட்டை உளவாளி ஆனார். வழியில் யாரும் எதையும் உடைக்கவில்லை. செய்தி சரியாகப் போய்ச் சேர்ந்தது. சேர்ந்த இடத்தில்தான் கசிந்தது.

நம் போனுக்கு இதை அப்படியே பொருத்திப் பார்க்கலாம். குறியாக்கம் உங்கள் போனில் தொடங்கி எதிராளியின் போனில் முடியுது. அங்கே செய்தி சாதாரண எழுத்தாகத்தான் திறக்கும். ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும். 256 பேர் இருக்கிற குரூப்பில் 256 கதவு இருக்கு. 2019இல் பெகாசஸ் என்ற உளவு மென்பொருள் சுமார் 1,400 போன்களைக் குறிவைத்தது என்று வாட்ஸ்அப் கோர்ட்டுக்குப் போனது. அதில் இந்தியர்களும் இருந்தார்கள். அந்த மென்பொருள் குறியாக்கத்தை உடைக்காது. போனுக்குள் புகுந்து, நீங்கள் பார்க்கிற ஸ்கிரீனையே பார்த்துவிடும்.

அரசு கேட்டால் என்ன ஆகும்?

செண்பகராமன் காலத்தில் அரசுக்கு யாரிடமும் கேட்க வேண்டியதே இல்லை. தபால் தணிக்கை என்ற பெயரில், பிரான்சில் போரிட்ட இந்தியச் சிப்பாய்கள் வீட்டுக்கு எழுதிய கடிதம் வரைக்கும் பிரித்துப் படித்தார்கள். இன்று அப்படி இல்லை. 2017 ஆகஸ்ட் 24 அன்று, தனியுரிமை ஓர் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் புட்டசாமி வழக்கில் தீர்ப்பு சொன்னது.

அதேசமயம் 2021இல் வந்த ஐடி விதிகள், ஒரு செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று கண்டுபிடிக்கும் வசதி பெரிய மெசேஜிங் கம்பெனிகளிடம் இருக்கணும் என்கிறது. அப்படிச் செய்தால் எல்லோருடைய பூட்டும் பலவீனமாகும் என்று வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. இந்த விவாதத்துக்குத் தமிழ்நாட்டிலும் ஒரு தொடக்கம் உண்டு. 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கில், குறியாக்கத்தைக் கைவிடாமலே அனுப்பியவரைக் கண்டுபிடிக்க வழி இருக்கு என்று ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் வி. காமகோடி யோசனை கொடுத்தார். வாட்ஸ்அப் அதை ஏற்கலை. குழந்தைகள் மீதான குற்றம், வதந்தியால் நடக்கும் கொலை என்று அரசு சொல்லும் காரணங்கள் நிஜமானவை. ஆனால் நல்ல காரணத்துக்காகத் திறக்கும் கதவு கெட்டவனுக்கும் திறக்கும் என்ற பயமும் நிஜமானதுதான்.

செண்பகராமனுக்குக் கடைசியில் என்ன ஆச்சு?

போரில் ஜெர்மனி தோற்றது. திட்டங்கள் கலைந்தன. இந்தியா திரும்ப வழியில்லை. செண்பகராமன் பெர்லினிலேயே தங்கி வேலை பார்த்தார். 1931இல் லட்சுமி பாயைத் திருமணம் செய்தார். அந்தக் காலத்தில்தான் நாஜிக் கட்சி வளர்ந்தது. இந்தியர்களை இழிவாகப் பேசியதற்காக ஹிட்லரிடமே அவர் எதிர்ப்புத் தெரிவித்தார். அதன் பிறகு நாஜிகளின் கோபத்துக்கு ஆளாகி, தாக்கப்பட்டு, சொத்துகளையும் இழந்தார் என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. 1934 மே மாதம், 42 வயசில் இறந்தார். ஒரு காலத்தில் யாரை நம்பி எல்லாத் தகவலையும் ஒப்படைத்தாரோ, அந்த நாட்டின் அடுத்த ஆட்சியே அவருக்கு எதிராகத் திரும்பியது.

இது ஆப்களுக்கும் பொருந்தும். இன்று நல்லவராக இருக்கிற கம்பெனி நாளை வேறொருவர் கைக்குப் போகலாம். கொள்கை மாறலாம். அதனால் எந்தக் கம்பெனி நல்லது என்பதைவிட, அதனிடம் என்னென்ன சேர்ந்திருக்கு என்று கேட்பதுதான் சரி. 2016இல் அமெரிக்க நீதிமன்ற உத்தரவு வந்தபோது, கணக்கு தொடங்கிய தேதி, கடைசியாக இணைந்த தேதி ஆகிய இரண்டை மட்டும்தான் சிக்னலால் கொடுக்க முடிந்தது. வேறு எதையும் அது சேர்த்து வைக்கலை.

அவருடைய அஸ்தியை லட்சுமி பாய் இந்தியாவுக்குக் கொண்டுவந்து பத்திரமாக வைத்திருந்தார். கரமனை ஆற்றிலும் நாஞ்சில் நாட்டு வயலிலும் தன் சாம்பல் கலக்கணும் என்பது அவருடைய ஆசை. 1966இல் இந்தியப் போர்க்கப்பலில் அரசு மரியாதையோடு அஸ்தி கொச்சிக்கு வந்தது. இறந்து 32 வருஷத்துக்குப் பிறகுதான் அந்த ஆசை நிறைவேறியது.

சரி, நாம என்ன செய்யலாம்?

1. பேக்அப்பைப் பாருங்க. போனில் பூட்டிய சாட், கிளவுடில் பூட்டாமல் கிடக்கலாம். வாட்ஸ்அப்பில் குறியாக்கம் செய்த பேக்அப் வசதி 2021இல் வந்தது. ஆனால் அதை நீங்கள்தான் செட்டிங்ஸில் போய் ஆன் செய்யணும்.

2. ஆப் எதுவென்று பாருங்க. டெலிகிராமில் சாதாரண சாட்டுக்கு முழுக் குறியாக்கம் இல்லை. சீக்ரெட் சாட்டுக்கு மட்டும்தான் உண்டு, குரூப்புக்குக் கிடையாது. தமிழ்நாட்டில் இருந்து வந்த ஜோஹோவின் அரட்டை 2025இல் திடீரென்று பிரபலமானபோது, கால்களுக்கு மட்டுமே முழுக் குறியாக்கம் இருந்தது. இப்போது என்ன நிலை என்று ஆப்பிலேயே பார்த்துக்கொள்ளுங்க.

3. முக்கியமான நபரோடு செக்யூரிட்டி கோடை ஒருமுறை ஒப்பிடுங்க. அந்த 60 இலக்க எண் இரண்டு போனிலும் ஒன்றாக இருந்தால், நடுவில் யாரும் இல்லை.

4. லிங்க்டு டிவைஸ் பட்டியலை அடிக்கடி பாருங்க. தெரியாத கம்ப்யூட்டர் இருந்தால் உடனே நீக்குங்க.

5. டூ ஸ்டெப் பின்னை ஆன் செய்யுங்க, போனையும் ஆப்பையும் அப்டேட் செய்யுங்க. தானாக மறையும் மெசேஜ் நல்லதுதான், ஆனால் ஸ்கிரீன்ஷாட்டை அது தடுக்காது.

ஆக, ஆப்பை நம்பலாமா? போகிற வழியைப் பொறுத்தவரை, முழுக் குறியாக்கம் உள்ள ஆப்பைத் தாராளமாக நம்பலாம். செண்பகராமனுக்குக் கிடைக்காத பூட்டு அது. ஆனால் உங்கள் போன், எதிராளியின் போன், கிளவுடில் கிடக்கும் நகல், யாரோடு பேசினீர்கள் என்ற தடம், இந்த நாலுக்கும் அந்தப் பூட்டு பொறுப்பேற்காது. பட்டுத் துணிக் கடிதம் எல்லை தாண்டியது. மாட்டியது தெரிந்தவர் வீட்டில்தான். அடுத்த முறை ரொம்பப் பர்சனலான விஷயத்தை டைப் செய்யும்போது, ஆப் எது என்பதோடு, எதிரே இருப்பவர் யார் என்பதையும் யோசித்துவிட்டு சென்ட் பட்டனைத் தட்டுங்க.